ஒரு ஆளுக்கு அளவு

என் பெரியப்பா சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொடுத்துவைத்தவர்கள். முருங்கைக்காயை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தன் இலையோரத்தில் ஒதுக்க மாட்டார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் பக்கமாகத் தள்ளிவைப்பார். பிடிக்காத கவளத்தை விழுங்குகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்து, சுட்டுவிரலால் அதைப் பரப்பி, "இதுல இன்னா போட்டே?" என்று கேட்பார். சமைத்தவள் கிட்டே வந்து குனிந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவர் பந்தியில் உட்கார்ந்தால் எழுந்து போய்க் கொல்லையில் நிற்பேன்.

வெளியில் அவருக்கு நல்ல பேர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டில் சொந்த வீடு. வெள்ளை வேட்டி, பட்டையாக விபூதி, குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பெரியம்மாவைக் கை நீட்டி ஒரு நாளும் அடித்ததில்லை. "அவருக்கு நாக்கு ஒண்ணுதாம்மா" என்று சொந்தக்காரர்கள் செல்லமாகச் சொல்வார்கள். அந்தச் செல்லத்தைக் கேட்டாலே எனக்கு எரியும். ஒரு மனுஷனுக்கு நாக்கு ஒன்றுதான் என்றால் மிச்சமெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி பக்குவம் சொல்லிக்கொள்வது எப்போதும் உண்டு. கல்யாண வீட்டில் தேங்காய் துருவும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டே. புளிக்குழம்பில் ஆரம்பித்து யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதில் போய் முடியும். பாதி பக்குவம் காதில் ஏறாது, ஏறாவிட்டாலும் குற்றமில்லை. அடுத்த முறை பார்க்கும்போது மறுபடி கேட்டுக்கொள்ளலாம், அதற்காகவே கொஞ்சம் மறந்தும் வைக்கலாம். இந்தச் சந்தோஷத்தை எடுத்து உத்தரவாக மாற்றியவர் பெரியப்பா.

யார் வீட்டுக்குப் போனாலும், ஏதாவது ஒரு பதார்த்தம் அவருக்குப் பிடித்துவிட்டால், கை கழுவுவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பி, "எழுதிக்கோ" என்பார். பெரியம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்திருப்பாள். பெரும்பாலும் சாப்பிட உட்கார்ந்தே இருக்க மாட்டாள். அவளுடைய கைப்பையில் பால் பாக்கெட் கவரில் சுற்றிய பழைய டைரி ஒன்று எப்போதும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அடுத்தவள் அடுப்படியில் போய் நிற்பாள். டிக்கெட் இல்லாமல் வந்தவள் அபராத ரசீதுக்காக நிற்பது போலத்தான் இருக்கும். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, குனிந்து, நுணுக்கி நுணுக்கி எழுதுவாள்.

திருப்போரூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு கிருத்திகைக்கு வந்திருந்தார்கள். முருகனைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டதில் என் அம்மா வைத்த மோர்க்குழம்பு அவருக்குப் பிடித்துவிட்டது. அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு அவர் மூத்த மச்சினர், முன்னால் நின்று நிமிர்ந்து பேசமாட்டாள். தனியா எவ்வளவு, பச்சரிசி எவ்வளவு என்று பெரியம்மா கேட்டதற்கு அம்மா, கண்ணளவுதான் அக்கா, கைக்கு வந்ததைப் போடுவேன் என்றாள். பெரியப்பா அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார். மோர்க்குழம்பு காய்ந்த கை இன்னும் கழுவவில்லை.

"கண்ணு கிண்ணுன்னா இவளுக்கு இன்னா தெரியும். டம்ளர எடுத்து அளந்து குடும்மா."

அம்மா உள்ளங்கையில் அள்ளி அள்ளி டம்ளரில் போட்டாள். அவர் எச்சில் விரலை உள்ளே விட்டு மட்டம் பார்த்தார். அந்தத் தனியாவை அம்மா பிறகு கொட்டிவிட்டாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். இரண்டு நாள் கழித்துச் செங்கல்பட்டிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பெரியம்மா வைத்த மோர்க்குழம்பு அம்மா வைத்தது போல வரவில்லை, எதையோ மறைத்துவிட்டாயா, இல்லை இவள் எழுதியதுதான் தப்பா என்று கேட்டார். அந்தப் பக்கம் பெரியம்மா நிற்பது கரண்டிச் சத்தத்தில் தெரிந்தது. அம்மா என்ன சொன்னாலும் ஒருத்தி மாட்டிக்கொள்வாள். தயிர் புளிப்பு கம்மியா இருந்திருக்கும் மாமா என்று சொல்லித் தப்பித்தாள். அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டு எல்லாம் தலையணைக்குத்தான் தெரியும்.

எனக்குக் கல்யாணமாகி மாமல்லபுரத்தில் வீடு பார்த்தோம். என் வீட்டுக்காரருக்கு ஊருக்குப் பக்கத்தில் அணுசக்தி ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. கடற்கரைக்கு நாலு தெரு. புது வீடு பார்க்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். நான் சுறாப்புட்டு செய்திருந்தேன். எதிர்வீட்டு மீன்காரம்மா சொல்லிக்கொடுத்தது. அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், சட்டியைச் சாய்த்துக் காட்டச் சொல்லிப் பார்த்தார், விரலைச் சுற்றிலும் நக்கிவிட்டுத் தலையைத் திருப்பினார்.

அடுப்படியில் பெரியம்மா பேனாவைத் திறந்துகொண்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"ஒரு ஆளுக்கு எவ்ளோ மீன் வேணும் பாப்பா?"

இரண்டு பேருக்குத்தானே பெரியம்மா எழுத வேண்டும் என்றேன்.

"எனக்கு எதுக்குடி. ரசம் கீது, அப்பளம் கீது, போதும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு மனசெல்லாம் பெரியப்பா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதில்தான் இருந்தது. கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரரிடம் "இவ கை எங்க குடும்பத்துக் கை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் குளிர்ந்துபோயிற்று. அந்த ஆளை எனக்குப் பிடிக்காது, ஆனால் அந்த ஆள் வாயால் நல்ல பேர் வாங்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரையும் அவர் இப்படித்தான் கட்டிப்போட்டிருந்தார்.

கையில் செல்போன் வந்ததும் அவருக்கு இன்னும் வசதியாகிவிட்டது. 'நம்ம வீட்டு ருசி' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கி, எங்கள் எல்லோரையும் கேட்காமலேயே சேர்த்துவிட்டார். யார் என்ன சமைத்தாலும் படம் போட வேண்டும், பக்குவத்தைப் பேசி அனுப்ப வேண்டும். அவர் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவார். காலையில் பல் விளக்கிக்கொண்டே திறந்தால் அவருடைய குரல் இருக்கும். நடுநடுவே மெல்லுகிற சத்தம், பல்லிடுக்கில் உறிஞ்சுகிற சத்தம், பின்னால் பெரியம்மா பாத்திரம் உருட்டுகிற சத்தம். "நேத்து அனுப்பின அந்த அவியல பாத்துட்டு இவ நேத்து பண்ணினா, சகிக்கல." இவ என்றால் பெரியம்மா. அவளும் அந்தக் குரூப்பில் இருந்தாள். அதற்கும் கீழே நாலு பேர் கை கூப்புகிற படம் போடுவார்கள். ஒரு தடவை நானும் போட்டேன்.

பெரியம்மா ஒரு காலைநேரம், பொங்கலுக்குத் தாளித்துக் கொட்டி அவருக்குப் பரிமாறிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெரியப்பா வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "காலைல பொங்கல் வாயில வெச்சேன். மொளகு தூக்கலா இருந்துச்சி. அப்பவே எனக்கு டவுட்டு, இவளுக்கு இன்னமோ ஆவுதுன்னு." அழுகைக்கு நடுவில் சொன்னார். கண்ணீர் நிஜம்தான். அவள் நெஞ்சைப் பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மிளகைப் பற்றி இருந்தது.

காரியத்தன்று சமையல்காரர் வைத்த வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. பெரியப்பா இரண்டு கவளம் சாப்பிட்டார், கண்ணை மூடினார், தலையை இடது பக்கம் திருப்பி, "எழுதிக்கோ" என்றார். அங்கே யாருமில்லை. பந்தியே நின்றுவிட்டது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். எவ்வளவு ஆசை பாருங்கள், அவள் இல்லாமல் இவர் எப்படி இருக்கப்போகிறாரோ என்று அம்மா விசும்பினாள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. செத்துப்போனவளைக்கூட எழுந்து வரச்சொல்கிறாரே என்றுதான் தோன்றியது.

அந்த டைரியை அவர் என்னிடம் கொடுத்தார். உனக்குத்தான் கை கீது, நீ வெச்சிக்கோ என்றார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பதார்த்தத்தின் பேர், யார் வீடு, கீழே 'அளவு: ஒரு ஆளுக்கு' என்று அடிக்கோடு. திருப்போரூர் மோர்க்குழம்பு, ஒரு ஆளுக்கு. என்னுடைய சுறாப்புட்டு, ஒரு ஆளுக்கு. கடைசியில் அவர் வேறு மையில் போட்ட மார்க். நாலு, ஆறு, மறுபடி நாலு. ஒரு பக்கம் விடாமல் தேடினேன். அவளுக்காக அவள் எழுதிக்கொண்டது ஒரு வரிகூட இல்லை.

அவளுடைய முதல் வருஷத் திதி வந்தது. எங்கள் வழக்கத்தில் ஐயர் வந்து போன பிறகு வீட்டளவில் ஒரு படையல் போடுவோம். போனவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துத் தலைவாழை இலையில் வைத்து, விளக்கேற்றி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து சாப்பிடுவதாக ஐதீகம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவைத் தட்டிவிட்டுத் திறப்போம். கறி, மீன் எதற்கும் தடையில்லை, அவர்களுக்குப் பிடித்திருந்தால் போதும். என் மாமா ஒருவருக்குச் சுருட்டுகூட வைத்திருக்கிறோம்.

பெரியம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று பெரியப்பாவின் மருமகள், வெளியூரில் இருக்கிற மகனின் மனைவி, குரூப்பில் கேட்டாள். அவள் கல்யாணமாகி வந்து ஐந்து வருஷம்தான், தெரியாமல்தான் கேட்டாள். ஒரு மணி நேரம் யாரும் பதில் போடவில்லை. மார்க் வாங்குவதற்காக விடிவதற்குள் படம் போடுகிறவர்கள் அத்தனை பேரும் வாயடைத்துக் கிடந்தார்கள். அவள் கையால் எத்தனை வருஷம் சாப்பிட்டிருப்போம். பிறகு பெரியப்பாவின் குரல் வந்தது. மோர்க்குழம்பு, சேனை வறுவல், சுறாப்புட்டு, அடைப்பாயசம், உளுந்து வடை, அதுவும் வெளியே முறுகலாக இருக்க வேண்டும். எல்லாம் அவருக்குப் பிடித்தது. பொய் சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியாது. அவருக்குப் பிடித்தால் அவளுக்கும் பிடித்ததாகத்தான் அர்த்தம்.

அன்றைக்கு முடிவு செய்தேன், ஒரு கிண்ணமாவது அவளுக்கென்று அந்த இலையில் வைக்காமல் விடுவதில்லை என்று. செய்யூரில் பெரியம்மாவின் தங்கை இருக்கிறாள், எனக்கும் சித்தி முறை. வேர்க்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் போனை எடுத்தாள். கேட்டதும் களைக்கொத்தைக் கீழே போடுகிற சத்தம் வந்தது.

"நெத்திலிக் கருவாடும்மா. கத்திரிக்கா போட்டு, மாங்கா போட்டு. மாங்கொட்டய யாருக்கும் தரமாட்டா, அவளேதான் சப்புவா. மாமாவுக்கு அந்த நாத்தம் ஆவாது. வஞ்சிரம்னா துன்னுவாரு, கருவாடுன்னா வூட்டுக்குள்ளயே வுடமாட்டாரு. எங்க வூட்டுக்கு வந்தா ஒரு வேள துன்னுவா. துன்னுட்டுத் தல முழுவி, பொடவய மாத்திக்கினு, வெத்தல போட்டுக்கினுதான் பஸ் ஏறுவா."

பல மாதத்துக்கு ஒரு முறை கருவாடு தின்றதற்கு, ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவள் போல முழுகிவிட்டுப் போயிருக்கிறாள். பக்குவம் சொல்லுங்கள் என்றேன். தலையைக் கிள்ளிவிட்டு, மண் போகச் சுடுதண்ணீரில் மூன்று தடவை அலசி, குழம்பு கொதித்து எண்ணெய் மேலே வந்த பிறகுதான் கருவாட்டைப் போட வேண்டும், கரண்டியால் கிளறக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றிவிட வேண்டும் என்று சொன்னாள். சிரித்துச் சிரித்துச் சொன்னாள், நடுவில் அழுதாள், களைக்கொத்து எங்கே என்று பக்கத்தில் யாரையோ கேட்டாள். பக்குவம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திதியன்று மாமல்லபுரத்தில் விடியற்காலையிலேயே வைத்து, மண்சட்டியை அப்படியே கூடையில் இறக்கிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனேன். சித்தியும் செய்யூரிலிருந்து வந்திருந்தாள். பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்கைச் சுளித்தார். "இன்னா நாத்தம் இது" என்றார். பெரியம்மாவுக்குப் பிடித்தது, படையலுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.

"அவளுக்கா? அவ அதெல்லாம் தொடமாட்டா. எனக்குத் தெரியாதா?"

நேரே உள்ளே போய் இலையில், அவள் படத்துக்கு நேர் எதிரே, சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். கத்திரிக்காய், நாலு நெத்திலி, ஒரு மாங்கொட்டை. மற்றதெல்லாம் மருமகள் செய்து வைத்திருந்தாள், அவர் சொன்ன பட்டியல்படி. விளக்கேற்றினோம். எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றோம். வாசலில் நிற்கும்போது எனக்கு லேசாக இருந்தது. ஒரு வேளையாவது யாரும் கூப்பிடாமல், தலை முழுக வேண்டாமல், உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா வாசலுக்கு வரவில்லை என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தோம். வயசானவர், கூடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று விட்டுவிட்டோம். நேரம் ஆனதும் மருமகள் கதவைத் தட்டினாள். உள்ளே இருமல் கேட்டது. திறந்தாள்.

அவர் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்த வடை இருந்தது, பாயசம் இருந்தது, சுறாப்புட்டு இருந்தது, எல்லாம் வைத்தது வைத்தபடி. சோற்றில் மட்டும் பள்ளம். கருவாட்டுக் குழம்பு இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மாங்கொட்டையை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். புளிச்சாறு முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. நெத்திலி முள்ளை இலையின் அந்த ஓரத்தில், அவள் படம் இருந்த பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். வெட்கம் என்று ஒரு துளி இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. குறைபட்டுக்கொண்டார்.

"இத்தினி வருசத்துல ஒரு நாள் இத எனக்குப் பண்ணிப் போட்டிருக்காளா பாரு."

செத்தவள் தனக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டது போல அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். சித்திதான் ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் அவரிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"அவளுக்குன்னு இது ஒண்ணுதான் மாமா இருந்திச்சி. அதயும் நீங்களே துன்னுட்டீங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். புரிந்துவிட்டது, இப்போதாவது புரிந்துவிட்டது என்று நான் நிஜமாகவே நினைத்தேன். மாங்கொட்டையைக் கீழே வைத்தார். உதட்டை நாக்கால் ஒரு சுற்றுத் துடைத்தார்.

"சட்டில இன்னும் கீதா?"

சட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. படையல் முடிந்ததும் சித்தியும் அம்மாவும் நானும் உட்கார்ந்து சாப்பிடுவதாகப் பேசி வைத்திருந்தோம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். யாரும் கண் காட்டவில்லை, யாரும் என்னைத் தள்ளவில்லை. நானே அடுப்படிக்குப் போனேன், நானே சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி வந்தேன், குனிந்து அந்த இலையிலேயே அவருக்கு இரண்டு கரண்டி ஊற்றினேன். நிமிர்ந்தபோது சித்தி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப் போய்க் கூப்பிட்டேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவரை நினைத்தால் எனக்கு இன்றும் குமட்டும். ஆனால் அவர் அன்றைக்குக் கேட்டார், அவ்வளவுதான். ஊற்றியது நான்.